ஆறாவது படியில் நிற்கும் பந்து

பந்து ஆறாவது படியில்தான் நிற்கும். முதல் படியில் ஒரு நாளும் நின்றதில்லை, மூன்றாவதில் எப்போதாவது தயங்கும், ஆறாவதிலோ பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கண்டிப்பாக நிற்கும். அது நின்றதும் பின்னால் வரும் பந்துகள் வரிசை கட்டி, கூடை நிரம்பி, மேசையெல்லாம் உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்ச் சேரும். இரண்டு மாதம் மாலை நேரங்களில் இந்த லெகோ படிக்கட்டோடு உட்கார்ந்திருந்தேன். என்ன கோளாறு, முதலில் என்னவென்று தவறாக நினைத்தேன், கடைசியில் எது சரி செய்தது என்பதை முழுதாக எழுதி வைக்கிறேன். லெகோவில் பந்து ஏற்றும் இயந்திரம் கட்டுகிறவர்கள் இதே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

தெரியாதவர்களுக்கு முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கிரேட் பால் கான்ட்ராப்ஷன், சுருக்கமாக ஜிபிசி, என்பது லெகோ ஆர்வலர்கள் சேர்ந்து கட்டும் ஒரு பந்துச் சங்கிலி. ஆளுக்கொரு மாட்யூல் கட்டிக்கொண்டு வருவார்கள். ஒவ்வொன்றும் தன் கூடையில் விழும் பந்துகளை எடுத்து, ஏற்றியோ தள்ளியோ சுழற்றியோ, பக்கத்து மாட்யூலின் கூடையில் போட வேண்டும். நடுவில் என்ன வித்தை காட்டுவது என்பது அவரவர் விருப்பம். கூடைக்கு மட்டும் பொது அளவு உண்டு. வெளியே 10க்கு 10 ஸ்டட் (கட்டையின் மேலுள்ள குமிழ்), உள்ளே 8க்கு 8 ஸ்டட், உயரம் 10 கட்டை. சராசரியாக விநாடிக்கு ஒரு பந்து வாங்கிக்கொள்ள வேண்டும், மொத்தமாக வந்தால் ஒரே நேரத்தில் 30 பந்து வரை தாங்க வேண்டும். அமெரிக்க லெகோ கலைஞர் ஸ்டீவ் ஹாசன்பிளக் வகுத்த இந்த விதியை வைத்துத்தான், முன்பின் பார்த்திராத இருவர் தங்கள் மாட்யூல்களை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட விட முடிகிறது. ஜப்பானின் அகியூகி கட்டிய மாட்யூல்களின் வீடியோவைப் பார்த்து இதில் இறங்கியவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன்.

இந்த ஏற்பாட்டில் ஒரு மாட்யூல் நின்றால் அது அதோடு போகாது. விநாடிக்கு ஒரு பந்து வந்துகொண்டே இருப்பதால், அரை நிமிடத்தில் 30 பந்து சேர்ந்து, அடுத்த சில விநாடிகளில் கூடை வழிய ஆரம்பித்துவிடும். சங்கிலி மொத்தமும் பட்டினி கிடக்கும். அதனால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நிற்கும் மாட்யூலை, எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் வெளியே எடுத்துப் போக மாட்டேன்.

சரி, என் மாட்யூலுக்கு வருகிறேன். அது ஒரு படிக்கட்டு. அசையாத ஏழு படிகள், அவற்றுக்கு நடுநடுவே மேலும் கீழும் போய்வரும் ஏழு படிகள். அசையும் படிகள் எல்லாம் ஒரே சட்டத்தில் மாட்டியவை, மோட்டார் ஒரு கிராங்க் (மையத்தைச் சுற்றி வரும் கை) வழியாக அந்தச் சட்டத்தைத் தூக்கி இறக்கும். சட்டம் கீழே இருக்கும்போது பந்து அசையாத படியிலிருந்து அசையும் படிக்கு உருளும், மேலே வந்ததும் அடுத்த அசையாத படிக்கு உருளும். தானாக உருள வேண்டும் என்பதற்காகப் படிக்கட்டு முழுவதையும் முன்பக்கம் பத்துக்கு ஒன்று என்ற சரிவில் சாய்த்து வைத்திருந்தேன். சரிவில்லாமல் மட்டமாக இருந்தால் பந்து எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அங்கேயே நிற்கும்.

அளவுகளை இங்கேயே தந்துவிடுகிறேன், பின்னால் கணக்கெல்லாம் இதில்தான் நிற்கிறது. ஜிபிசி பந்தின் விட்டம் 14 மி.மீ. ஸ்டட்டுக்கு ஸ்டட் 8 மி.மீ. ஒரு கட்டையின் உயரம் 9.6, மெல்லிய கட்டையான பிளேட்டின் உயரம் 3.2, அதாவது மூன்று பிளேட் ஒரு கட்டை. என் படி ஒவ்வொன்றும் இரண்டு ஸ்டட் ஆழம், இரண்டு ஸ்டட் அகலம், எனவே ஒரு நேரத்தில் ஒரு பந்துதான் நிற்கும். அசையாத ஒரு படிக்கும் அடுத்த அசையாத படிக்கும் உயர வித்தியாசம் ஒரு கட்டை ஒரு பிளேட், 12.8 மி.மீ. கிராங்கின் ஆரம் ஒரு ஸ்டட், எனவே சட்டம் மொத்தம் 16 மி.மீ. ஏறி இறங்கும். 16இல் 12.8 போக மிச்சம் 3.2. மேலே 1.6, கீழே 1.6. காகிதத்தில் பார்த்தபோது போதும் என்றுதான் தோன்றியது.

மோட்டார், லெகோவின் பவர் ஃபங்ஷன்ஸ் வரிசையின் எக்ஸ்எல். 9 வோல்ட்டில் சுமையில்லாமல் நிமிடத்துக்கு 220 சுற்று சுற்றும். 8 பல் கியரிலிருந்து 24 பல் கியருக்குக் குறைத்தால் கிராங்குக்கு 73 சுற்று. சுமையோடு ஓடும்போது நான் எண்ணிப் பார்த்தது 60ஐ ஒட்டி. ஒரு சுற்றுக்கு ஒரு பந்து, ஆக விநாடிக்கு ஒன்று. விதிக்குச் சரியாக வருகிறது.

நின்றபோது எனக்கு முதலில் வந்த எண்ணம் வேகம் போதவில்லை என்பது. பந்துகள் கூடையில் சேர்கின்றன, அப்படியென்றால் படிக்கட்டு மெதுவாக இருக்கிறது, வேகமாக்கினால் தீரும். கியரை மாற்றி 12 பல்லிலிருந்து 20 பல்லுக்குக் கொடுத்தேன். கிராங்க் 110 சுற்றுக்கு மேல் போனது, பார்க்கவே உற்சாகமாக இருந்தது, இரண்டாவது நிமிடத்தில் ஆறாவது படி மட்டுமல்ல, நாலும் ஐந்தும் சேர்ந்து பந்தைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தன. மேலே போன பந்து அதே படியில் உட்கார்ந்துகொண்டு கீழே இறங்கி வந்தது, மறுபடி மேலே போனது, மறுபடி இறங்கியது. அப்புறம் மோட்டாருக்குப் பலம் போதவில்லையோ என்று பேட்டரியை மாற்றினேன், கூடவே சட்டத்தின் வழித்தடத்தையும் தளர்த்தினேன், கியரையும் பழையபடி வைத்தேன், மூன்றையும் ஒரே மாலையில். ஓட்டம் கொஞ்சம் மேம்பட்டது. ஆனால் எதனால் மேம்பட்டது என்று சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அந்த வாரம் முழுக்க வீணானது அதனால்தான். அதிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, ஒரு மாலைக்கு ஒரே மாற்றம், மாற்றத்துக்கு முன்னால் இருபது நிமிட ஓட்டம், பின்னால் இருபது நிமிட ஓட்டம், எந்தப் படியில் எத்தனை முறை நின்றது என்று கோடு போடுவது என வைத்துக்கொண்டேன்.

கோடு போடும் வேலையை அக்கா மகன் எடுத்துக்கொண்டான். எட்டாம் வகுப்பு, விடுமுறைக்கு வந்திருந்தான். மூன்றாவது நாள் அவன் சொன்னதுதான் திருப்பம். "மாமா, மேல இருக்கற படியிலதான் நிக்குது. மோட்டார் பக்கத்துல இருக்கறது நிக்கவே மாட்டேங்குது, பாத்தீங்களா?"

நான் அப்படிப் பார்த்திருக்கவில்லை. கோடுகளை எண்ணினால் அவன் சொன்னது அப்படியே இருந்தது. கிராங்க் கூடைப் பக்கம், முதல் படிக்குக் கீழே இருந்தது. அதிலிருந்து தூரம் போகப் போக நிற்பது அதிகம். ஏழாவது படிக்கு மட்டும் விலக்கு, அங்கிருந்து பந்து நேராக வெளியேறும் சறுக்கில் விழுவதால் எதன்மீதும் ஏற வேண்டியதில்லை. ஆக ஆறாவதுதான் மோட்டாரிலிருந்து மிகத் தூரமான, இன்னொரு படிக்குப் பந்தைக் கொடுக்க வேண்டிய படி.

போனில் 240 ஃப்ரேம் மெதுவோட்டம் வைத்து, பக்கவாட்டிலிருந்து முதல் படியையும் ஆறாவது படியையும் தனித்தனியாக எடுத்தோம். பின்னால் ஒரு அளவுகோலை ஒட்டி வைத்திருந்தோம். முதல் படி உச்சிக்கு வரும்போது அடுத்த படியை விட ஒன்றரை மி.மீ. உயரே போனது, கணக்கிட்டபடியே. ஆறாவது படி அரை மி.மீ. கூடப் போகவில்லை, சில சுற்றுகளில் சரி மட்டத்துக்கு வந்து திரும்பிவிட்டது. இரண்டும் ஒரே சட்டத்தில் இருப்பவை. சட்டம் சாய்ந்துகொண்டுதான் ஏறுகிறது. மேசை இழுப்பறையை ஒரு மூலையில் மட்டும் பிடித்து இழுத்தால் கோணிக்கொண்டு சிக்குமே, அதேதான். 28 ஸ்டட் நீளச் சட்டத்தை ஒரு முனையில் மட்டும் தூக்கினால், மறுமுனை வழித்தடத்தில் இருக்கும் ஆட்டத்தை (தளர்வை) எல்லாம் தின்றுவிட்டுத்தான் கிளம்பும். துண்டுகளை இணைக்கும் பின்னிலும், ஆக்ஸில் என்னும் சுழல்தண்டின் துளையிலும் லெகோவுக்கு இயல்பாகவே சிறு ஆட்டம் உண்டு, அது இல்லாவிட்டால் கட்டவோ பிரிக்கவோ முடியாது. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை, ஐந்தாறு இணைப்பு சேர்ந்தால் ஒரு மி.மீ. போய்விடுகிறது.

இப்போது அந்த 1.6 மி.மீ. மிச்சத்தை மறுபடி பார்த்தேன். இந்தக் கணக்கைக் கட்டுவதற்கு முன்னாலேயே போட்டிருக்க வேண்டும்.

அசையும் படி அடுத்த படிக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கும் நேரம்தான் பந்துக்குக் கிடைக்கும் அவகாசம். கிராங்க் ஆரம் 8 மி.மீ., உச்சியில் மிச்சம் 1.6 என்றால், உச்சிக்கு இந்தப் பக்கம் 37 டிகிரி, அந்தப் பக்கம் 37 டிகிரி, மொத்தம் 74 டிகிரி. 60 சுற்று வேகத்தில் ஒரு சுற்றுக்கு ஒரு விநாடி, அதில் 74 டிகிரி என்பது 0.2 விநாடி. பந்துக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? ஏறும்போது பந்து அடுத்த படியின் சுவரில் சாய்ந்துகொண்டிருக்கிறது, அதனால் அதன் மையம் விளிம்புக்கு 7 மி.மீ. பின்னால். மையம் விளிம்பைத் தாண்டினால்தான் மறுபக்கம் போகும். பத்துக்கு ஒன்று சரிவில் நின்ற நிலையிலிருந்து 7 மி.மீ. உருள ஏறக்குறைய 0.15 விநாடி ஆகும். 0.2 இருக்கிறது, 0.15 தேவை, ஓடுகிறது. முதல் படியில் அதனால்தான் தொல்லை இல்லை. ஆறாவது படியில் ஒரு மி.மீ. ஆட்டத்தில் போனால் மிச்சம் 0.6, கோணம் 45 டிகிரி, அவகாசம் 0.12 விநாடி. தேவைக்குக் கீழே. பந்து சில முறை போய்விடுவது சட்டம் எல்லாச் சுற்றிலும் ஒரே மாதிரி கோணாததால்தான். நான் வேகத்தைக் கூட்டியபோது ஆட்டமே இல்லாத படிக்குக்கூட 0.11 விநாடிதான் கொடுத்திருக்கிறேன். எல்லாப் படியும் திருப்பி அனுப்பியதில் ஆச்சரியம் இல்லை. பலத்துக்கு அங்கே குறைவே இல்லை, பந்துக்குப் போதிய அவகாசம்தான் இல்லை. ஜிபிசியில் நிற்கும் மாட்யூலைப் பார்த்ததும் மோட்டாரை மாற்று, கியரை மாற்று என்று கைபோவது வழக்கம். முதலில் பந்து எங்கே காத்திருக்கிறது, அதற்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறோம் என்று பார்க்கச் சொல்வேன்.

மறுமுனையிலும் ஒரு கிராங்க் போட்டேன். இருபது நிமிடத்துக்கு இரண்டு மூன்று என்று இருந்தது இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று ஆனது. இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் உச்சியில் ஒரு 'டக்' சத்தம் ஒவ்வொரு சுற்றிலும் கேட்டுக்கொண்டே இருந்தது. ஏறும்போது மோட்டார் சட்டத்தைத் தூக்குகிறது, இறங்கும்போது சட்டத்தின் எடை மோட்டாரை இழுக்கிறது, திசை மாறும் அந்த நொடியில் கியர் பற்களின் ஆட்டம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவுகிறது. இப்படி அடி வாங்கும் பின்கள் நாளாக ஆகக் கழன்று வரும். அதோடு ரீசார்ஜ் பேட்டரி போட்டால் ஆறு செல்லுக்கு 9 வோல்ட் அல்ல, 7.2 வோல்ட்தான் வரும். கிராங்க் சுமையில்லாமலே 58 சுற்று, சுமையோடு 50ஐ ஒட்டி. விநாடிக்கு ஒரு பந்து என்ற விதிக்குக் கீழே போய்விடுகிறது. வேகத்தைக் கூட்டினால் அவகாசம் போகும், குறைத்தால் எண்ணிக்கை போகும். இந்த அமைப்பில் எந்தப் பக்கமும் நகர இடமில்லை. பிரித்துவிட்டேன்.

இரண்டாவது கட்டுமானம்

யோசனை எளிது, என்னுடையதும் அல்ல, நிறையப் பேர் கட்டியிருக்கிறார்கள்: அசையாத படிகளே வேண்டாம். எல்லாப் படியும் அசையட்டும். ஒற்றைப்படை எண் படிகள் ஒரு சட்டம், இரட்டைப்படை எண் படிகள் இன்னொரு சட்டம், ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். அதே 8 மி.மீ. கிராங்க்தான், ஆனால் ஒரு படி 8 மேலே, அடுத்த படி 8 கீழே என்பதால் இரண்டுக்கும் நடுவே 16 மி.மீ. வரை சமாளிக்கலாம். நான் படிக்குப் படி உயரத்தை ஒரு கட்டை, 9.6 மி.மீ. என்று வைத்தேன். மிச்சம் 6.4. முன்பு 1.6 இருந்த இடத்தில்.

அவகாசமும் கூடியது. பந்து தாவக்கூடிய கோணம் 74இலிருந்து 106 டிகிரி ஆனது. இரண்டு சட்டத்திலும் ஆளுக்கொரு மி.மீ. ஆட்டம் போனாலும் 87 டிகிரி மிஞ்சும். அடுத்து, படியின் அகலத்தை நாலு ஸ்டட் ஆக்கினேன். 32 மி.மீ.யில் இரண்டு பந்து பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், 4 மி.மீ. இடம் விட்டு. ஒரு சுற்றுக்கு இரண்டு பந்து என்றால் கிராங்க் மெதுவாகச் சுற்றினாலே போதும். 8 பல்லிலிருந்து 24, பிறகு 12இலிருந்து 20, மொத்தம் ஐந்தில் ஒரு பங்கு, சுமையில்லாமல் 44 சுற்று. ஒரு சுற்றுக்கு 1.36 விநாடி, பந்துக்குக் கிடைக்கும் அவகாசம் 0.4 விநாடி. ஆட்டம் எல்லாம் போக 0.33. தேவை 0.15தான். எண்ணிக்கையும் நிமிடத்துக்கு 88 வரை போகும். ரீசார்ஜ் பேட்டரியில் 35 சுற்று வந்தாலும் 70 பந்து.

எதிர்பார்க்காத லாபம் ஒன்று. முன்பு நாலு ஸ்டட் நீளத்துக்கு ஒரு தூக்கல், இப்போது இரண்டு ஸ்டட்டுக்கு ஒன்று. 28 ஸ்டட் நீளம் பிடித்த படிக்கட்டு 18 ஸ்டட்டுக்குள் அடங்கிவிட்டது, உயரமும் கொஞ்சம் கூடுதலாகவே கிடைத்தது. இரண்டு சட்டமும் கிணற்றுச் சகடையில் இரண்டு வாளி போல ஒன்றையொன்று சமன் செய்வதால் மோட்டாருக்கு மிஞ்சுவது பந்துகளின் எடையும் உராய்வும் மட்டும். 'டக்' சத்தம் நின்றது.

முதல் ஓட்டத்தில் ஐந்தாவது நிமிடமே இறுகி நின்றது.

இந்த முறை பந்து திரும்பி வரவில்லை, மோட்டாரே முனகிக்கொண்டு நின்றுவிட்டது. உடனே சுவிட்சை அணைத்தேன். நின்ற மோட்டார் நிறைய மின்னோட்டம் இழுக்கும், அப்படியே விட்டால் சூடாகும். கையால் ஆக்ஸிலைப் பின்னோக்கித் திருப்பியதும் மூன்றாவது படியின் அடியிலிருந்து ஒரு பந்து வெளியே வந்தது. படிக்கு அடியிலிருந்து! நான் பழைய படித் தூண்களை அப்படியே எடுத்துப் போட்டிருந்தேன். அவற்றின் முன் சுவர் 12.8 மி.மீ. உயரம்தான். பழைய அமைப்பில் பக்கத்துப் படிகளின் உயர வித்தியாசம் அதிகபட்சம் 14.4 மி.மீ., சுவருக்குக் கீழே ஒன்றரை மி.மீ. இடைவெளி, பந்து நுழையாது. புதிய அமைப்பில் வித்தியாசம் 9.6உம் 16உம் சேர்த்து 25.6. சுவருக்கு அடியில் 12.8 மி.மீ. திறந்து கிடக்கிறது. 14 மி.மீ. பந்து சரிவில் உருண்டு வந்து, முன்பகுதியை அதற்குள் நுழைத்துக்கொள்கிறது. படி இறங்கும்போது அதன் தலையில் உட்காருகிறது. சுவரை மூன்று கட்டை, 28.8 மி.மீ. ஆக்கினேன். அதன் பிறகு இந்தக் கோளாறு ஒரு முறைகூட வரவில்லை.

அன்றே கியர் வரிசையில் வெள்ளை 24 பல் கிளட்ச் கியரையும் போட்டேன். அதன் முகத்திலேயே 2.5, 5 என்று நியூட்டன் சென்டிமீட்டர் அளவு அச்சிட்டிருக்கும், அதற்கு மேல் முறுக்கு வந்தால் நடுப்பகுதி வழுக்கிவிடும், ஆக்ஸில் முறுக்கிக்கொள்ளாது, பின் தெறிக்காது. என் கருத்தில் கண்காட்சிக்குப் போகும் எந்த மாட்யூலுக்கும் இது கட்டாயம். வேலை செய்யும் இயந்திரத்தில் அது வழுக்கக் கூடாது, வழுக்கினால் எங்கோ உராய்வு இருக்கிறது என்று பொருள், கண்டுபிடிக்க வேண்டும். ஒரு நாள் சுமையே இல்லாமல் வழுக்கியது. காரணம், சட்டத்தின் இரு முனைக் கிராங்குகளும் ஒத்துச் சுற்ற வேண்டும் என்பதற்காக 12 ஸ்டட் தூரத்தில் இருந்த இரண்டு ஆக்ஸிலையும் நடுவில் மூன்று 24 பல் கியர் வைத்து இணைத்திருந்தேன், திரும்ப மாட்டும்போது ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டேன். ஒரு பல் என்பது 15 டிகிரி. ஒரு முனை முந்திக்கொள்ள, சட்டம் கோணி இறுகிவிட்டது. அதிலிருந்து மோட்டாரைக் கழற்றிவிட்டு, விரலால் ஆக்ஸிலை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்க்காமல் மின்சாரம் கொடுப்பதில்லை. எங்கே கனக்கிறது என்று விரலுக்குத் தெரிவது போல எந்தக் கருவிக்கும் தெரியாது. இரண்டு பக்கமும் புஷ்ஷை (ஆக்ஸிலை நகராமல் பிடிக்கும் வளையம்) இறுக்கி அழுத்தி வைத்ததால் சுவரோடு உரசிக்கொண்டிருந்த ஆக்ஸில் ஒன்றையும் விரல்தான் காட்டிக் கொடுத்தது. காகிதம் நுழையும் அளவுக்குப் புஷ்ஷை விலக்கினால் போதும்.

கூடை

படிக்கட்டு சரியானதும் கூடையின் குறை வெளியே வந்தது. முன்பும் இருந்திருக்கும், படிக்கட்டு நிற்கும் தொல்லையில் கண்ணில் படவில்லை. ஒவ்வொன்றாகப் பந்து விழுந்தால் ஒன்றும் ஆகாது. 30 பந்தை ஒரு கிண்ணத்தில் எடுத்து மொத்தமாகக் கொட்டினால் இருபது முறையில் ஏழெட்டு முறை அடைத்துக்கொள்ளும். கூடை நிறையப் பந்து இருக்கும், படி காலியாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

மாவு மில்லில் பார்த்திருப்பீர்கள், மேலே உள்ள தகரக் கூம்பில் தானியம் இறங்காமல் நின்றால் மில்காரர் கையால் ஒரு தட்டு தட்டுவார், சடசடவென்று இறங்கும். உள்ளே தானியங்கள் ஒன்றையொன்று தாங்கி ஒரு வளைவு போட்டு நின்றுவிடுகின்றன. வாயிலின் அகலம் உருண்டையின் விட்டத்தைப் போல நாலைந்து மடங்குக்கு மேல் இருந்தால் இந்த வளைவு நிற்பது அரிது, குறையக் குறைய அடிக்கடி நிற்கும். என் வாயில் நாலு ஸ்டட், பந்தின் விட்டத்தைப் போல் இரண்டே கால் மடங்கு. அடைப்பு வருவதற்கென்றே செய்த அளவு. வாயிலை அகலப்படுத்த வழியில்லை, படி அவ்வளவுதான். எனவே வளைவை உடைக்க வேண்டும்.

முதலில் கூடையின் தரையை இரண்டு பக்கமும் சமமாகச் சரிவதற்குப் பதிலாக ஒரு பக்கச் சுவரை நேராக வாயிலோடு ஒட்டவிட்டு, மறுபக்கம் மட்டும் சரிவாக்கினேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் இரண்டு பக்கப் பந்தும் ஒரே நேரத்தில் வந்து நடுவில் தோள் கொடுத்து நிற்கும், ஒரு பக்கம் நேராக இருந்தால் அவ்வளவு எளிதில் பிடிமானம் கிடைக்காது. அடைப்பு பாதியாகக் குறைந்தது, தீரவில்லை. அப்புறம் படிக்கட்டின் ஒரு சட்டத்தையே கூடைக்கு அடியில் கொஞ்சம் நீட்டி, தரையில் ஒரு துளை விட்டு, அதன் வழியே இரண்டு ஸ்டட் அகலக் கட்டை ஒன்று ஒவ்வொரு சுற்றிலும் மேலே எட்டிப் பார்க்கும்படி செய்தேன். தனி மோட்டார் வேண்டாம், தனிக் கியர் வேண்டாம், படி ஏறும்போதே வாயிலுக்குப் பின்னால் இருக்கும் பந்தை ஒரு தூக்குத் தூக்கி விடும். மில்காரரின் தட்டல்தான், சுற்றுக்கு ஒன்று. கட்டையின் மேல்முனையைச் சரிவுக் கட்டையாக வைத்தது முக்கியம், தட்டையாக இருந்தபோது ஒரு பந்து அதன் மேலேயே உட்கார்ந்து ஏறி இறங்கி விளையாடியது. 30 பந்தை இருபது முறை கொட்டிப் பார்த்தோம், இருபது முறையும் இறங்கியது. அடுத்த நாள் இன்னொரு இருபது.

"மாமா, முப்பத்தஞ்சு போட்டுப் பாக்கலாமா?" என்றான். போட்டோம். இறங்கியது. நாற்பதுக்குக் கூடையே நிரம்பிவிட்டது.

முதல் படியில் மட்டும் ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. கூடை வாயிலுக்கு மேலே ஒரு குறுக்குச் சட்டம் வைத்திருந்தேன், பார்வைக்கு நன்றாக இருக்கும் என்பதற்காக. படி ஏறும்போது பாதி மட்டும் ஏறிய பந்து அந்தக் குறுக்குச் சட்டத்துக்கும் படி விளிம்புக்கும் நடுவே நசுங்கும், கிளட்ச் வழுக்கும். குறுக்குச் சட்டத்தை எடுத்துவிட்டு, முதல் படியின் பின் விளிம்பைச் சரிவாக்கினேன், பாதி ஏறிய பந்து இப்போது பின்னால் உருண்டு கூடைக்கே போய் அடுத்த சுற்றில் வருகிறது.

எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. நீண்ட நேரம் ஓடியதும் சட்டத்தின் வழித்தடத்தில் மெல்லிய தூள் சேரும், பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் உரசுவதால் வருவது. ஒரு சொட்டு எண்ணெய் விடலாமே என்று கை பரபரக்கும். வேண்டாம். எண்ணெய் பந்தில் ஒட்டும், பந்து நம் மாட்யூலோடு நிற்காது, பக்கத்தில் ரப்பர் உருளையாலோ பெல்ட்டாலோ பந்தைப் பிடித்து ஏற்றும் மாட்யூல் இருந்தால் அவருடையது வழுக்கத் தொடங்கும், காரணம் என்னவென்று அவருக்குத் தெரியவே தெரியாது. ஸ்டட் தெரியும் இடத்தில் எல்லாம் வழுவழுப்பான டைல் போட்டு, உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

இப்போதைய நிலை: மின்சாரம் பேட்டரியிலிருந்து அல்ல. ஜிபிசிக்காரர்கள் பலர் செய்வது போலப் பழைய 9 வோல்ட் லெகோ ரயிலின் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து எடுக்கிறேன், மணிக்கணக்கில் ஓடினாலும் வேகம் இறங்குவதில்லை. சுமையோடு கிராங்க் 40 சுற்று, நிமிடத்துக்கு எழுபதுக்குக் குறையாமல் பந்து வெளியே வருகிறது, எல்லாச் சுற்றிலும் இரண்டு பந்து ஏறுவதில்லை என்பதால் 80 வராது. போன ஞாயிறு காலை எட்டு மணிக்குப் போட்டு மதியம் ஒரு மணிக்கு அணைத்தோம். படியில் ஒரு பந்தும் நிற்கவில்லை.

வெளியேறும் சறுக்கில்தான் இரண்டு பந்து குதித்து வெளியே விழுந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் விளிம்புக்கு வந்து ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும்போது நடக்கிறது. கடைசிப் படியை நடுவில் ஒரு மெல்லிய தடுப்பால் பிரித்து, ஒரு பாதியை அரை ஸ்டட் முன்னால் நீட்டினால் ஒன்று முந்தி ஒன்று பிந்தி விழும் என்று அக்கா மகன் காகிதத்தில் வரைந்து கொடுத்துவிட்டு ஊருக்குப் போயிருக்கிறான். சனிக்கிழமை கட்டிப் பார்க்கிறேன்.